இத்தாலியில் தேனிலவு: எந்த டிக்கெட்டை எப்போது, எந்த வரிசையில் எடுப்பது? முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குப் போகும் புதுமணத் தம்பதிகள் பலர் விமானம், ஹோட்டல், ரயில் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்துக்கு டிக்கெட் தேடுகிறார்கள். அப்போது ரோமில் இருக்கும் எந்த நாளுக்கும் டிக்கெட் இருக்காது. அப்படியே கிடைத்தாலும் மாலை நாலரை மணிக்குத்தான் ஒன்று இருக்கும். அன்றைக்கு நாலு மணிக்கு ஃப்ளோரன்ஸ் ரயில் ஏற்கெனவே எடுத்தாகியிருக்கும், பணம் திரும்ப வராது.

உறவிலும் நட்பிலும் பலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்ததில் நான் கண்டது இதுதான்: பணத்தைவிட வரிசைதான் ஆட்களைத் தடுக்கிவிடுகிறது. கிடைப்பது அரிதானதை முதலில் எடுக்க வேண்டும், எப்போதும் கிடைப்பதைக் கடைசியில் எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. விலைகளை ஒரு கணக்குக்காகச் சொல்லியிருக்கிறேன். அவை ஏறிக்கொண்டே இருப்பவை, பதிவு செய்யும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்தைத் தீர்மானியுங்கள்

கல்யாணம் முடிந்த மறுவாரமே கிளம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முகூர்த்த மாதம் எதுவோ, அதற்கேற்ப இத்தாலி வேறு வேறு நாடாக இருக்கும்.

தை மாதக் கல்யாணம் என்றால் பயணம் பிப்ரவரியில் வரும். ரோமிலும் ஃப்ளோரன்ஸிலும் கூட்டம் குறைவு, டிக்கெட் சுலபம். ஆனால் அமால்ஃபி கடற்கரைப் படகுகள் பெரும்பாலும் ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரைதான் ஓடும். கடற்கரைக் கனவோடு பிப்ரவரியில் போனால் ஏமாற்றம்தான். வெனிஸில் அந்தச் சமயத்தில் கார்னிவல் வரும், அந்த நாட்களில் அறை வாடகை எகிறும்.

பங்குனியில் கல்யாணம் என்றால் ஈஸ்டர் தேதியைப் பாருங்கள். ஈஸ்டர் வாரத்தில் ரோம் நிரம்பி வழியும். வைகாசி என்றால் மே கடைசி, ஜூன். நல்ல வானிலை, ஆனால் உச்சக் கூட்டம். ஆவணிக் கல்யாணக்காரர்களுக்கு என் யோசனை, செப்டம்பர் பிற்பாதிக்குத் தள்ளிப் போடுங்கள். ஆகஸ்டில் வெயில் கடுமை. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை, அதை ஒட்டிக் குடும்பமாக நடத்தும் கடைகளும் உணவகங்களும் பல மூடிக் கிடக்கும். ஐப்பசிக்காரர்களுக்கு அக்டோபர் கடைசி அருமையான காலம். நவம்பருக்குள் நுழைந்தால் வெனிஸில் தண்ணீர் தெருவுக்கு ஏறும் நாட்களும் உண்டு.

2. நகரங்கள் மூன்று போதும்

வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம். பத்துப் பதினோரு இரவுகளுக்கு இதுவே நிறைவு. மிலான், பீசா, கோமோ ஏரி, சின்க்வே தெர்ரே, காப்ரி என்று கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் அரை நாள் பெட்டியோடு போய்விடும். தேனிலவில் அந்த அரை நாள் பெரிய நஷ்டம்.

விமானத்தை வெனிஸிலோ மிலானிலோ இறங்கும்படியும், ரோமில் ஏறும்படியும் திட்டமிடுங்கள். ஒரே ஊருக்குப் போய்த் திரும்பும் டிக்கெட் சில ஆயிரம் குறைவாகத் தெரியும். ஆனால் திரும்பி வரும் ரயில் காசும், வீணாகும் ஒரு நாளும் சேர்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். நகரங்களின் வரிசையை மட்டும் எழுதி வையுங்கள்.

3. மூடும் நாட்களைக் குறியுங்கள்

பலர் தவறவிடும் படி இது. ஒரு தாளில் கிழமைகளை எழுதி, எது எப்போது மூடும் என்று குறியுங்கள். அதற்குப் பிறகுதான் எந்த ஊரில் எந்தக் கிழமை இருக்க வேண்டும் என்பது தெரியும்.

திங்கட்கிழமை ஃப்ளோரன்ஸின் உஃபீட்சி, அக்காடெமியா கலைக்கூடங்கள் மூடியிருக்கும். ரோமின் போர்கேசே கலைக்கூடமும், மிலானில் லியொனார்டோவின் இறுதி இராவுணவு ஓவியமும் அப்படியே. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும், அன்று கூட்டம் தாங்காது. புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும் நாட்களில் புனித பேதுரு பேராலயத்துக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. வெனிஸின் பழைய ஆட்சியாளர் மாளிகையான டோஜ் அரண்மனையும், ரோமின் கொலோசியமும் பழங்காலக் கோயிலான பாந்தியனும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும்.

ஆகவே திங்கட்கிழமையை ஃப்ளோரன்ஸில் வைக்காதீர்கள். வெனிஸில் வையுங்கள்.

ஒரு மாதிரி சொல்கிறேன். சனிக்கிழமை வெனிஸில் இறங்கி மூன்று இரவு. செவ்வாய் ஃப்ளோரன்ஸ், மூன்று இரவு. வெள்ளி காலை ரோம். சனி போர்கேசே, ஞாயிறு கொலோசியம், திங்கள் பாந்தியனும் பழைய நகரத் தெருக்களும், செவ்வாய் வத்திக்கான், புதன் விமானம். வத்திக்கானைத் திங்களில் வைக்காததற்குக் காரணம் உண்டு. மற்ற பெரிய அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருப்பதால் எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கொலோசியத்தில் அன்று முன்பதிவு கிடையாது, வெயிலில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கு 36 யூரோ மிச்சப்படுத்த ஒரு காலை முழுவதையும் கொடுக்க வேண்டாம். உங்கள் ரோம் ஞாயிறு முதல் ஞாயிறாக அமைந்தால், கொலோசியத்தை வேறு கிழமைக்கு மாற்றுங்கள்.

4. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைச் சரிபாருங்கள்

நம்மவர்களுக்கு இது தனிச் சிக்கல். 2023 அக்டோபரில் இருந்து கொலோசியம் டிக்கெட்டில் வருபவரின் பெயர் அச்சாகிறது, வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுகிறார்கள். பொம்பெயியிலும் இப்போது அதே முறை.

இத்தாலியத் தளங்களில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. காவ்யா முருகேசன் என்று முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், காவ்யாவை முதல் கட்டத்திலும் முருகேசனை இரண்டாவதிலும் போடுங்கள். ஒற்றைப் பெயர்தான் என்றால் அதையே இரண்டு கட்டத்திலும் போடுவது வழக்கம். இனிஷியலை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் விரித்தே எழுதுங்கள். விமானத்துக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள், அது ஒவ்வொன்றுக்கும் மாறும்.

இன்னொன்று. கல்யாணம் ஆனதும் மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் அவசரம் வீட்டில் கிளம்பும். பயணம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடும்; விசா, விமான டிக்கெட், நுழைவு டிக்கெட் என்று எல்லாம் பழைய பெயரிலும் பழைய எண்ணிலும் நிற்கும். பழைய பாஸ்போர்ட்டோடு போய்வந்து, பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

5. விசா, அதோடு ரத்து செய்யக்கூடிய அறைகள்

இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். பரிசீலனைக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரைகூடப் போகும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மூன்று மாதம் முன்னால் விண்ணப்பியுங்கள் என்பேன். காரணம் எளிது: முக்கியமான டிக்கெட்டுகள் பலவும் 60, 30 நாள் முன்னால்தான் திறக்கின்றன. அதற்குள் விசா கையில் இருந்தால் பயமின்றிப் பணம் கட்டலாம். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும் நாட்களில் அப்பாயின்ட்மென்ட் தேடுவது பெரிய பாடு, அதனால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

விசாவுக்கு அறைப் பதிவு காட்ட வேண்டும். அதை இலவசமாக ரத்து செய்யும் வகையிலேயே எடுங்கள். விசா வரும் முன் ரத்து செய்ய முடியாத எதையும் வாங்காதீர்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

6. எந்தக் கதவு எப்போது திறக்கும்

இந்தப் படிதான் முழுத் திட்டத்தின் முதுகெலும்பு. ஒவ்வொன்றுக்கும் பதிவு திறக்கும் தேதியை ஃபோன் நாட்காட்டியில் நினைவூட்டலோடு குறித்துவிடுங்கள். இருவர் ஃபோனிலும் குறியுங்கள்.

இறுதி இராவுணவு, மிலான். இத்தாலியிலேயே மிகச் சிரமமான டிக்கெட் இதுதான். ஒரு தடவைக்குச் சுமார் 40 பேரை மட்டும், 15 நிமிடம் மட்டும் உள்ளே விடுகிறார்கள். சுவரோவியம் மூச்சுக்காற்றின் ஈரத்தால் கெடாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. மூன்று மாதத்துக்கான டிக்கெட்டை ஒரே நாளில் மொத்தமாகத் திறப்பார்கள். மிலான் உங்கள் திட்டத்தில் இருந்தால், விசாவுக்கு முன்பே வாங்க வேண்டிய அந்த ஒன்று இதுதான். டிக்கெட் சுமார் 15 யூரோ. விசா தவறினாலும் தாங்கும் நஷ்டம்.

வத்திக்கான் அருங்காட்சியகம். சுமார் 60 நாள் முன்னால் திறக்கும். டிக்கெட் 20 யூரோ, இணையப் பதிவுக்கு 5 யூரோ கூடுதல். அந்த 5 யூரோவைத் தவிர்க்க நினைக்காதீர்கள். சீசனில் மதில் ஓரமாக நீளும் வரிசையில் மணிக்கணக்காக நிற்பவர்கள் அதைத் தவிர்த்தவர்கள்தான். சிஸ்டைன் சிற்றாலயம் இதே டிக்கெட்டில் அடங்கும், தனி டிக்கெட் கிடையாது. பேதுரு பேராலயத்துக்கு நுழைவு இலவசம், ஆனால் அதன் வாயில் வேறு, பாதுகாப்புச் சோதனை வரிசையும் வேறு. அருங்காட்சியக டிக்கெட்டை வைத்துக்கொண்டு பேதுரு சதுக்கத்தில் நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம். அங்கிருந்து சரியான வாயிலுக்கு மதிலைச் சுற்றிக் கால் மணி நேர நடை.

ஃப்ளோரன்ஸ் பேராலயக் குவிமாடம். பேராலயத்துக்குள் போக டிக்கெட் வேண்டாம். குவிமாடத்தின் மேலே ஏறத்தான் வேண்டும். அதற்கு புருனெல்லெஸ்கி பாஸ் என்று பெயர், சுமார் 30 யூரோ. 463 படிகள், லிஃப்ட் இல்லை, வழி குறுகல். ஏறும் நேரத்தைப் பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம் எல்லாம் அதே பாஸில் மூன்று நாளுக்குச் செல்லும். முழங்கால் வலி, மூச்சுத் திணறல், இடுக்கில் பயம் இருந்தால் கீழிருந்தே ரசிக்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

உஃபீட்சி, அக்காடெமியா. உஃபீட்சியில் பொத்திச்செல்லியின் வீனஸ் ஓவியம், அக்காடெமியாவில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை. இரண்டையும் ஒரே நாளில் போடுவது வழக்கமான தப்பு. உஃபீட்சியில் மூன்று மணி நேரம் நடந்த பிறகு தாவீதைப் பார்க்கக் கண்ணில் தெம்பு இருக்காது. விசா வந்ததும் எடுத்துவிடலாம்; காலை முதல் ஸ்லாட்டுகள்தான் சீக்கிரம் தீரும்.

போர்கேசே, ரோம். முன்பதிவு கட்டாயம். இரண்டு மணி நேர ஸ்லாட், நேரம் முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஆட்கள் குறைவாக இருப்பதால் இருவரும் சிலைகளைச் சுற்றிச் சுற்றி நின்று பார்க்கலாம். ரோமில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால், புதுமணத் தம்பதிக்கு நான் வத்திக்கானைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். பெர்னினியின் அப்பல்லோவும் தாஃப்னியும் சிலையில் பளிங்கு விரல்கள் இலைகளாக மாறும் இடத்தை அருகில் நின்று பாருங்கள். மாலை முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கொலோசியம். 30 நாள் முன்னால் திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, 24 மணி நேரத்துக்குச் செல்லும், ரோமன் ஃபோரமும் பலத்தீன் குன்றும் சேர்ந்தது. நேரம் குறிப்பது கொலோசியத்துக்கு மட்டும்தான்; ஃபோரத்துக்கு அந்த 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வெயில் காலத்தில் ஃபோரத்தைக் காலை முதலில் பாருங்கள், அங்கே நிழல் குறைவு. தரைக்கு அடியில் உள்ள அறைகளையும் அரங்கத் தரையையும் பார்க்க வேண்டும் என்றால் 24 யூரோ டிக்கெட் தனி. அது திறந்த கையோடு காணாமல் போகும்.

ஏன் இவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று கேட்பவர்களுக்கு: தானியங்கி மென்பொருள்கள் டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்ட விவகாரத்தில், 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஆணையம் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. பெயர் அச்சிடும் முறையும் அந்தத் தொல்லையைக் குறைக்க வந்ததுதான்.

டோஜ் அரண்மனை, வெனிஸ். இது எளிது. 30 நாளுக்கு முன்பே வாங்கினால் விலை குறைவு, அவ்வளவுதான்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் இருந்து 5 யூரோ. முந்தின நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

7. பதிவு செய்யும் அந்த அரை மணி நேரம்

முந்தின நாளே தளத்தில் கணக்கு தொடங்கி, பெயர், மின்னஞ்சல், ஃபோன் எண்ணைப் பதிந்து வையுங்கள். திறந்த பிறகு பெயர் தட்டிக்கொண்டிருந்தால் டிக்கெட் போய்விடும்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் இயக்கி வையுங்கள். இந்திய கார்டுகளில் இது தானாக இயங்காது. பணம் கட்டும் கடைசி நொடியில் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாற்றாக வேறு வங்கியின் கார்டு ஒன்றும் கையில் இருக்கட்டும். ஓடிபி யார் ஃபோனுக்கு வருமோ அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்பாவின் கார்டில் கட்டுவதாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறில் இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அங்கே பகல் 12 என்றால் இங்கே கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை.

தேடுபொறியில் மேலே வருவதெல்லாம் அதிகாரப்பூர்வத் தளம் அல்ல. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், விலை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. வத்திக்கானுக்கு முகவரி டாட் விஏ என்று முடிகிறதா என்று பாருங்கள். மற்றவற்றுக்கு அந்தந்த அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் டிக்கெட் இணைப்பு வழியாகவே நுழையுங்கள்.

ரோமா பாஸ் போன்ற நகர அட்டைகளை வாங்கினால் முன்பதிவு வேண்டாம் என்ற நம்பிக்கையும் தவறு. அட்டை இருந்தாலும் கொலோசியத்துக்கும் போர்கேசேவுக்கும் நேரம் தனியாகப் பதிய வேண்டும்.

8. இப்போதுதான் ரயில்

நுழைவு டிக்கெட்டுகள் கைக்கு வந்த பிறகே ரயிலை எடுங்கள். அதிவேக ரயில்கள் நாள் முழுக்க அடிக்கடி ஓடுகின்றன, ட்ரெனித்தாலியா, இதாலோ என்று இரண்டு நிறுவனங்கள். வெனிஸில் இருந்து ஃப்ளோரன்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃப்ளோரன்ஸில் இருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். முன்கூட்டி எடுத்தால் மலிவுதான், ஆனால் மலிவான டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது. ரயிலுக்கு மாற்று எப்போதும் உண்டு, குவிமாட ஸ்லாட்டுக்கு இல்லை. அதனால்தான் இந்த வரிசை.

நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். வெனிஸ் தீவுக்குள் இருப்பது சாந்தா லூச்சியா. மெஸ்த்ரே என்பது கரையில் இருக்கும் நகரம். ஃப்ளோரன்ஸுக்கு சாந்தா மரியா நொவெல்லா, ரோமுக்கு தெர்மினி.

பீசா மாதிரி அருகில் உள்ள ஊர்களுக்கு ஓடும் வட்டார ரயிலுக்கு முன்பதிவே தேவையில்லை, கட்டணம் என்றும் ஒன்றுதான். காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுபவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

9. ஒரு நாளைக்கு ஒரு கடிகாரம்

நேரம் குறித்த டிக்கெட் ஒரு நாளைக்கு ஒன்று. மிஞ்சினால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதற்கு மேல் போகாதீர்கள்.

இதைச் சொன்னால், இவ்வளவு செலவு செய்து போகிறோம், நாலு இடம் கூடப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். பாருங்கள். ஆனால் தேனிலவுக்குப் போவது இருவரும் ஒன்றாக இருக்க. அடுத்த ஸ்லாட்டுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் என்று ஒருவர் முன்னால் ஓட, மற்றவர் கால்வலியோடு பின்னால் வர, முதல் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. நான் போட்டுக் கொடுத்த திட்டங்களில் இப்போதும் ஆசையாகச் சொல்லப்படுபவை எல்லாம் ஒன்றும் எழுதாமல் விட்ட மதியங்கள்தான்.

ஊர் மாறும் நாளில் பிற்பகல் டிக்கெட் எதுவும் வேண்டாம். ரயில் தாமதமாகலாம், வேலைநிறுத்தம் வரலாம், பெட்டியோடு எந்த அருங்காட்சியகத்திலும் விட மாட்டார்கள்.

டிக்கெட் இல்லாத அழகுகளை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் இருந்து பார்க்கும் அந்தி, ரோமில் ஜானிகோலோ குன்று, வெனிஸில் சாத்தேரே கரையோர நடை. ட்ரேவி நீரூற்றுக்கு மட்டும் விடியற்காலையில் போங்கள், படம் எடுக்க இடம் கிடைக்கும்.

கத்தோலிக்கத் தம்பதிகளுக்கு ஒரு செய்தி. புதன் பொதுச் சந்திப்பில் புதுமணத் தம்பதிகளுக்கென்று தனி இடம் உண்டு. திருமண உடையில், தேவாலயத் திருமணச் சான்றிதழோடு போக வேண்டும். அனுமதிச் சீட்டு இலவசம், முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். இதில் ஆசை இருந்தால், புதன்கிழமை ரோமில் இருக்குமாறு மூன்றாம் படிக்குத் திரும்பிப்போய் நாட்களை மாற்றிப் போடுங்கள்.

10. வெனிஸுக்கு மட்டும் சில குறிப்புகள்

பகலில் வந்துபோகும் பயணிகளுக்கு வெனிஸ் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. வசந்தமும் கோடையும் சேரும் மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில், காலை எட்டரையில் இருந்து மாலை நாலுவரை. முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. வெனிஸில் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கையும் தளத்தில் பதிந்து கியூஆர் கோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

கொண்டோலாவுக்கு முன்பதிவு வேண்டாம். பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. இது படகுக்கான விலை, ஆளுக்கு அல்ல. ஏறும் முன் நேரத்தையும் விலையையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பெரிய கால்வாயைவிட உள் கால்வாய்களில் போகச் சொல்லுங்கள்; அங்கே மோட்டார் படகின் சத்தமும் அலையும் குறைவு.

வாப்பரெட்டோ நீர்ப்பேருந்தில் ஒரு தடவை ஏற 9.50 யூரோ. முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகும் நாளில் 25 யூரோவின் 24 மணி நேரச் சீட்டுதான் லாபம். ஹோட்டலை நீர்ப்பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் எடுங்கள். பாலங்களில் எல்லாம் படிகள், பெட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

11. கடற்கரைப் பக்கம் போவதானால்

ரோமில் ஒரு நாளைக் குறைத்து, நேப்பிள்ஸ் வழியாகச் சொரெண்டோவில் இரண்டு மூன்று இரவு தங்கலாம். பொம்பெயிக்கு நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பு 2024 நவம்பரில் வந்தது, அதனால் முன்பே எடுங்கள். நேப்பிள்ஸில் இருந்து வட்டார ரயிலில் இறங்க வேண்டிய நிலையம் பொம்பெயி ஸ்காவி.

காப்ரியின் நீலக் குகைக்கு எங்கும் முன்பணம் கட்டாதீர்கள். கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் உள்ளே விட மாட்டார்கள். அன்று காலை கேட்டுக்கொண்டு போவதுதான் சரி.

12. வாயிலில்

அசல் பாஸ்போர்ட்டை இருவரும் கொண்டுபோங்கள். டிக்கெட்டை ஃபோனில் இறக்கி வையுங்கள், ஒருவர் ஃபோனில் மட்டும் வைக்காதீர்கள். சார்ஜ் தீர்ந்தால் இரண்டு பேரும் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

தேவாலயங்களிலும் வத்திக்கானிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதி. கைப்பையில் ஒரு துப்பட்டா போதும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது.

போர்கேசேவுக்கும் இறுதி இராவுணவுக்கும் அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். போர்கேசேவில் பைகளை ஒப்படைக்க வேண்டும், இறுதி இராவுணவில் தவறிய ஸ்லாட் திரும்ப வராது.

13. டிக்கெட் கிடைக்கவில்லை என்றால்

முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். எல்லாரும் காலை ஒன்பது, பத்தைத்தான் தேடுகிறார்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் இடம் கிடைக்கலாம். ரத்தானவை திரும்ப வருவதும் உண்டு, ஒரு வாரம் தினமும் காலையும் இரவும் தளத்தைத் திறந்து பாருங்கள். இறுதி இராவுணவுக்கு அடுத்த வாரத்துக்கான சில டிக்கெட்டுகளைப் புதன்கிழமை இத்தாலி நேரம் பகல் 12 மணிக்கு விடுகிறார்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால், வழிகாட்டியோடு சேர்ந்த குழுச் சுற்றுலாவைப் பாருங்கள். விலை அதிகம்தான், ஆனால் கொலோசியத்துக்கும் வத்திக்கானுக்கும் விவரம் தெரிந்தவர் சொல்லக் கேட்பது வீண் போகாது. வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: நுழைவு டிக்கெட் அதில் அடக்கமா, குழுவில் எத்தனை பேர், ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும். முதல் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஃப்ளோரன்ஸில் குவிமாடம் தவறினால் அருகிலேயே ஜோத்தோவின் மணிக்கூண்டு, 414 படிகள். சொல்லப்போனால் படத்துக்கு அதுதான் நல்லது. குவிமாடத்தின் மேல் நின்றால் குவிமாடம் தெரியாது. மணிக்கூண்டில் நின்றால் முழுதாகத் தெரியும்.